தம்பி வாய் வைத்த டம்ளர்

எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் இவ்வளவு நேரம் நல்லவளாக நடித்தேன் என்று ஆகிவிடும். அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. செய்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

விருதுநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பருப்புக் கடையின் மாடியில் எங்கள் ஆய்வு மையம் இருந்தது. போதைக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருகிறார்களா, இருப்பது தெரிந்தால் மாத்திரை வரை போய்ச் சேருகிறார்களா, சேர்ந்தவர்கள் எந்த இடத்தில், ஏன் நின்றுபோகிறார்கள் என்பதுதான் ஆய்வு. நான் நேர்காணல் எடுப்பவள். மதுரையில் சமூகப்பணி படித்தவள். கேள்வியை எந்தக் குரலில் கேட்பது, எங்கே பேசாமல் இருப்பது என்று பயிற்சி வாங்கியவள். அந்த மனிதர் எட்டாவது ஃபெயில். பன்னிரண்டு வருடம் ஊசி போட்டு, அதனால் எச்.ஐ.வி. வந்து, ஊசியை விட்டு, தினமும் ஒரு மாத்திரையோடு திடமாக நடமாடுகிறவர். எங்களிடம் களப்பணிக்குச் சேர்ந்தார். ஊசி போடுகிறவர்களுக்குக் கொடுக்கப் புது ஊசிகளைப் பையில் போட்டுக்கொண்டு சுற்றுவார், ஆட்களைக் கூட்டி வருவார். வருகிற அத்தனை பேருக்கும் அவர் அண்ணன். நான் மேடம்.

முதல் வாரத்திலேயே எனக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. சாத்தூர் லாரி டிரைவர் ஒருவர் முக்கால் மணி நேரம் என் எதிரில் உட்கார்ந்து, அடுத்தவர் போட்ட ஊசியைத் தான் போட்டதே இல்லை என்று சாதித்தார். நானும் கேள்விகள் ஏற்றியிருந்த டேப் கம்ப்யூட்டரில் 'இல்லை' என்று தட்டினேன். அவர் கீழே இறங்கி அந்த மனிதரோடு டீ குடித்தார். பத்து நிமிடத்தில் இருவரும் மாடியேறி வந்தார்கள்.

"மேடம், அந்த ஒம்பதாவது கேள்விக்கு இவர் வேற பதில் சொல்லணுமாம்."

டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். நானும் பல்லைக் காட்டினேன். அத்தனை படித்தவளிடம் வராத உண்மை ஒரு கிளாஸ் டீக்கு வருகிறது. அன்று எனக்கு மதியச் சோறு இறங்கவில்லை.

அவரிடம் கேட்டும் பார்த்தேன். ஆய்வு சரியாக வர வேண்டாமா, உங்களிடம் அவர்கள் சொல்வதை எனக்கும் சொல்லுங்களேன் என்றேன்.

"அது என்கிட்ட சொன்னது மேடம்" என்றார். குரலில் கோபமும் இல்லை, பெருமையும் இல்லை. பெருமை இருந்திருந்தால் நானும் திருப்பி நாலு வார்த்தை சொல்லியிருப்பேன்.

இனி என் தம்பி. என்னைவிட எட்டு வயது இளையவன். அம்மா மிஷன் பள்ளிக்கூட டீச்சர். அப்பா போய், அம்மாவும் போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். அவனுக்குப் பட்டாசு கம்பெனியில் லோடு ஏற்றும் வேலை. கேட்டில் வாட்ச்மேன் தீப்பெட்டி, பீடி, போன் இருக்கிறதா என்று எல்லார் பாக்கெட்டையும் தடவித்தான் உள்ளே விடுவார். ஒருநாள் அவன் பாக்கெட்டில் ஊசி அகப்பட்டது. வேலை போனது. என்னிடம், "சீசன் முடிஞ்சிருச்சுக்கா" என்றான். தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கையில் எந்த ஊரில் சீசன் முடியும்? அந்த வாட்ச்மேன் மனைவி சர்ச் வாசலில் வைத்து விஷயத்தை என் காதில் போட்டாள். அதற்கு முன்பே எனக்குத் தெரியும். சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை போடுகிறவனைப் பார்த்துப் புரிந்துகொள்வதுதானே என் பிழைப்பு.

தெரிந்தும் கேட்கவில்லை. ஊரில் நூறு பேரிடம் கேட்கிற கேள்வியைக் கூடப்பிறந்தவனிடம் கேட்க வாய் வரவில்லை. கேட்காமல் இருப்பதுதான் அவனுக்குச் செய்யும் மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் வேலையைப் பற்றியும் அவனிடம் சரியாகச் சொன்னதில்லை. "சர்வே வேலை, சூலக்கரைப் பக்கம்" என்று சொல்லி வைத்திருந்தேன். அங்கே இருக்கிற கலெக்டர் ஆபீஸில் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

எங்கள் ஆய்வில் ஒருவர் வந்துபோனால், அவர் கையில் மூன்று கூப்பன் கொடுப்போம். ஊசி போடுகிற தன் கூட்டாளிகள் மூன்று பேருக்கு அவர் அதைக் கொடுக்கலாம். கூப்பனோடு வருகிறவரிடம் நாங்கள் பேர் கேட்பதில்லை, கூப்பன் நம்பர்தான் அவருக்குப் பேர். சிவகாசியில் கல்யாணப் பத்திரிகை அடித்து மிஞ்சிய அட்டையில் அடித்தது, ஓரத்தில் தங்கக்கோடு ஓடும். ஒரு புதன்கிழமை அப்படி ஒரு கூப்பனைப் பிடித்துக்கொண்டு என் தம்பி மாடியேறி வந்தான்.

என்னைப் பார்த்ததும் பாதிப் படியில் நின்றான். "நீ இங்கனயாக்கா?" என்றான். சொந்தக்காரரை நாமே பேட்டி எடுக்கக் கூடாது என்பது விதி. என்னோடு வேலை பார்த்த இன்னொரு பெண் பிள்ளைப்பேற்றுக்குப் போயிருந்தாள். மிச்சம் இருந்தது அந்த மனிதர்தான். "வாங்க தம்பி" என்று தோளில் கைபோட்டு உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

என் தம்பியை அவர் தம்பி என்கிறார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரத்தில் முடிய வேண்டியது, ஒன்றரை மணி நேரம் ஆனது. நடுவில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அது என் தம்பியின் சிரிப்பு. எங்கள் வீட்டில் அதைக் கேட்டு நாலைந்து வருடம் இருக்கும். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பெற்றவளாட்டம் வளர்த்தவள் வாசலில் இருக்கிறேன், முன்பின் தெரியாத ஆளிடம் இவன் சிரிக்கிறான்.

பிறகு நர்ஸ் ரத்தம் எடுத்தார். முடிவு நர்ஸைத் தவிர அவனுக்கும் அந்த மனிதருக்கும்தான் தெரியும். அடுத்த மாதங்களில் அவர் பைக்கின் பின்னால் உட்கார்ந்து என் தம்பி அடிக்கடி எங்கோ போய் வந்தான். பெரிய ஆஸ்பத்திரிக்கா, ஊசியை விடுவதற்கான மாத்திரைக்கா, டீக்கா, எனக்கு ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வந்தால், "என்னக்கா குழம்பு?" என்பான். அதோடு சரி.

ஆடி மாதக் கடைசி வெள்ளி. மையத்தில் எல்லாரும் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டார்கள், அந்த மனிதரும் குடும்பத்தோடு போயிருந்தார். நான் மட்டும் இருந்தேன். மின்விசிறி சுற்றியது. தங்கக்கோடு போட்ட அந்தக் கூப்பனின் நம்பர் எனக்கு மனப்பாடம். அதை டேப்பில் அடித்தேன். செய்யக் கூடாது என்று தெரிந்துதான் அடித்தேன். கை தவறி என்று சொல்ல மாட்டேன்.

கடைசிப் பக்கத்தில் முடிவு இருந்தது. அவனுக்கு எச்.ஐ.வி. இருந்தது. அதற்கு மேலே ஒரு கேள்வி: உங்களுக்கு இது இருந்தால் யாருக்குத் தெரியக் கூடாது என்று நினைப்பீர்கள்? 'அக்காவுக்கு' என்று இருந்தது. ஏன் என்ற கட்டத்தில் அந்த மனிதர் எழுத்துப் பிழையோடு, அவன் சொன்னதை அப்படியே அடித்து வைத்திருந்தார்: 'அவ ஒருத்திதான் என்னய இன்னும் பழைய மாதிரி பாக்கா.'

அதைப் படித்ததும் அழுதேன். அழுகை நின்றதும் திரும்பவும் பொறாமைதான் வந்தது. என்னைப் பற்றிய வார்த்தை, அதையும் அவரிடம்தானே சொல்லியிருக்கிறான்.

அத்தோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பேன். நான் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால், எனக்குத் தெரியும், நான் பயப்படவில்லை, அந்த ஆளுக்கு நான் ஒன்றும் குறைந்தவள் இல்லை என்று அவனுக்குக் காட்ட வேண்டும் போல இருந்தது. எங்கள் வீட்டில் அண்ணாந்துதான் தண்ணீர் குடிப்போம். அவன் மட்டும் சின்னதிலிருந்தே வாய் வைத்துக் குடிப்பான். முப்பது வருடமாக நான் அதற்குத் திட்டுகிறேன். அன்று ராச்சாப்பாட்டில் அவன் பாதி குடித்து வைத்த டம்ளரை எடுத்து, அதே இடத்தில் வாய் வைத்து மிச்சத்தைக் குடித்தேன். எச்சிலால் எச்.ஐ.வி. பரவாது என்று விழிப்புணர்வுக் கூட்டங்களில் ஊர் ஊராக நான் செய்து காட்டுகிற வேலைதான் அது. எல்லாரும் கைதட்டுவார்கள்.

தம்பி கைதட்டவில்லை. சோற்றில் வைத்த கையை எடுக்காமல் என்னையே பார்த்தான்.

"என் ஃபாரத்தப் பாத்துட்டேல்ல?" என்றான்.

அவன் எழுந்து கைகழுவினான். அதன் பிறகு வீட்டுக்கு வருவான், படுப்பான், போவான். என் முகத்தைப் பார்க்க மாட்டான்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில், மாத்திரை வாங்க வராமல் நின்றவர்களின் நம்பர்களைச் சுவரில் ஒட்டுவார்கள். மூன்றாவது வாரம் அந்தப் பட்டியலில் அவன் நம்பர் இருந்தது. மாத்திரை தீர்ந்து பதினோரு நாள். பக்கத்தில் 'நின்றதற்குக் காரணம்' என்று ஒரு கட்டம், களப்பணியாளர் விசாரித்து நிரப்ப வேண்டியது. ஏன் நின்றுபோகிறார்கள் என்று கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். இதோ, காரணம் புடவை கட்டிக்கொண்டு சுவர் முன்னால் நின்றது.

கூட்டம் முடிந்ததும் அந்த மனிதரைப் படிக்கட்டில் நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். நம்பர் அடித்தது, படித்தது, டம்ளர், எல்லாம். போயும் போயும் இந்த ஆளின் முன்னால் கைகட்டி நிற்கிறேனே என்று அப்போதும் எரிந்தது. அவனைத் திரும்பக் கூட்டி வாருங்கள், என்னால் முடியாது என்றேன். 'என்னால் முடியாது' என்று சொல்வதற்குத்தான் ரொம்ப நேரம் ஆனது.

அவர் பைக் சாவியை எடுத்தார். "ஒங்களத் திட்டணும் மேடம். இப்ப நேரமில்ல, பொறவு திட்டுறேன்" என்றார்.

சாயங்காலம் அச்சங்குளத்தில் ஒரு குடோன் வாசலில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவனைப் பிடித்துவிட்டார். மறுநாள் என்னிடம் வந்து, "எடுக்கேன்னு சொல்லிட்டாரு. மாத்திரை டப்பா என் வீட்ல இருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு ரெண்டு பேரும் ஒண்ணாப் போட்டுக்கிடுவோம். நீங்க மட்டும் ஒண்ணுங் கேக்கக் கூடாதாம்" என்றார். சரி என்றேன். செய்ததை நானே மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தேன். நேர்காணலிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். இப்போது ஸ்டோரில் ஊசிப் பெட்டிகளும் பரிசோதனைக் கிட்டுகளும் வந்து இறங்குவதைப் பார்த்துக்கொள்கிறேன். டேப்பைத் தொடுவதில்லை. திட்டுகிறேன் என்று சொன்னவர் இன்றுவரை திட்டவும் இல்லை.

தம்பி தினமும் எட்டரைக்கு வீட்டுக்கு வருவான். அங்கேயே மாத்திரை, அங்கேயே சாப்பாடு. "சாப்ட்டேங்கா" என்பான். இருந்தாலும் நான் தினமும் அவனுக்கும் சேர்த்துத்தான் உலை வைப்பேன். முகம் தெளிந்து, கன்னத்தில் சதை வைத்திருக்கிறான். அது யார் வீட்டுச் சோறு என்று நினைத்தால் வயிறு எரியும். ஆனால் எட்டரைக்குக் கேட் சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும். எட்டரை என்றால் மாத்திரை போட்டாயிற்று.

போன மாதம் ஒருநாள் ஏழே முக்காலுக்கே கேட் திறந்தது. மறுபடி நிறுத்திவிட்டான் என்றே நினைத்தேன். கேட்கக் கூடாதே, அடுப்படியிலேயே நின்றேன். அவன் வந்து உட்கார்ந்து சாப்பிட்டான். எட்டு மணிக்குச் சட்டைப் பையிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்துப் பிரித்தான்.

"அண்ணன் திருச்செந்தூர் போயிருக்காக" என்றான். "தண்ணி குடுக்கா."

கொடுத்தேன். மாத்திரையை நாக்கில் வைத்து, டம்ளரில் வாய் வைத்துக் குடித்தான். நான் பேசாமல் இருந்திருக்கலாம். சொன்னால் எழுந்து போய்விடுவானோ என்று பயமாகவும் இருந்தது. அப்படியும் சொன்னேன்.

"ஏலே, எத்தன தடவ சொல்லுறது? எச்சிப் பண்ணாம அண்ணாந்து குடின்னு."

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். உதட்டோரம் லேசாக இழுத்தது. "சரிக்கா" என்றான். சரி என்றுவிட்டு, மிச்சத் தண்ணீரையும் வாய் வைத்தே குடித்தான். நான் முணுமுணுத்துக்கொண்டே டம்ளரை மற்ற பாத்திரங்களோடு போட்டுக் கழுவினேன்.

மறுநாள் எட்டரைக்குத்தான் வந்தான். "சாப்ட்டேங்கா" என்றான். அந்த மனிதர் திருச்செந்தூரில் இன்னும் இரண்டு நாள் இருந்து சாமி கும்பிட்டிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே, அவனுக்கு எடுத்து வைத்த சோற்றில் தண்ணீர் ஊற்றினேன்.