சொம்பிலிருந்து வந்த சித்தர்

சென்ற மாதம் எங்கள் வீட்டு நாய் இறந்தது. கால்நடை மருத்துவமனை மேசையில் அதன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். இந்த லட்சணத்தில் நேற்று மகள் கைப்பேசியை நீட்டி, யாரோ சாலையிலிருந்து மீட்டு வைத்திருக்கும் ஒரு நாயின் படத்தைக் காட்டினாள். "இந்த வீட்டுல இனிமே நாயே கிடையாது" என்றேன். சொன்ன பிறகுதான் அது என் குரல் இல்லை, என் அப்பாவின் குரல் என்று தெரிந்தது.

என் சின்ன வயதில் எங்கள் வீடு திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில். ஜிம்மி நான் பிறப்பதற்கு முன்பே அங்கே குடியேறிய நாய். நான் மூன்றாம் வகுப்புப் படிக்கையில் வயதாகிப் போய்ச் சேர்ந்தது. அப்பா கொல்லையில் குழி வெட்டிப் புதைத்தார். கைகால் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்து, மலையைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "அண்ணாமலையார் மேல ஆணை. இந்த வாசப்படிய இன்னொரு நாய் மிதிக்கக் கூடாது."

எங்கள் ஊரில் சம்பந்தியிடம் கொடுத்த வாக்கைக்கூட மாற்றிக்கொள்ளலாம். மலையிடம் கொடுத்ததை மாற்ற முடியாது. எந்தத் தெருவில் திரும்பினாலும் அது நம்மையே பார்த்துக்கொண்டு நிற்கும். அதன் பிறகு அப்பா சாப்பிடும்போது கடைசி உருண்டையைத் தட்டின் ஓரமாக ஒதுக்குவார். பிறகு நினைவு வந்து, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுத் தானே விழுங்குவார். எனக்கோ இன்னொரு நாய் வேண்டும். அதைக் கேட்டால் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்.

அடுத்த பௌர்ணமி காலையிலேயே தொடங்கியதால், வெயில் ஏறுமுன் மூவரும் கிரிவலம் கிளம்பினோம். அப்பாவுக்கு அது பக்தி. அம்மாவுக்கு, சர்க்கரைக்கு நல்லது என்று டாக்டர் சொன்ன நடை. பாதையின் இடது ஓரமாகவே நடக்க வேண்டும் என்பது அப்பாவின் கண்டிப்பு. மலையை ஒட்டிய வலது பக்கம் சித்தர்கள் நடக்கும் இடம். எந்த உருவத்திலும் வருவார்கள். நாம் குறுக்கே போகக் கூடாது. "நேத்து அந்தப் பக்கம் ஒரு லாரி நின்னுச்சே, அதுவும் சித்தரா?" என்று அம்மா கேட்பாள். அப்பா நடையை எட்டிப் போடுவார்.

அடி அண்ணாமலை அருகே, அன்னதானம் போட்ட இடத்தில், தலை முழுக்க ஒரு பித்தளைச் சொம்புக்குள் மாட்டிக்கொண்ட நாய் ஒன்று எதிர்ப்பட்டவர்கள் மேலெல்லாம் முட்டிக்கொண்டு திரிந்தது.

"பாக்காத, நட" என்றார் அப்பா. கொஞ்ச தூரம் நடந்தார். நின்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரும்பிப் போய், நாயை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிச் சொம்பை இழுத்தார். சொம்போடு நாயும் வந்தது.

"இழுக்காதீங்க, காது பிஞ்சிடும்" என்றாள் அம்மா. பக்கத்தில் அகல்விளக்கு விற்ற பெண்ணிடம் நல்லெண்ணெய் வாங்கி ஊற்றினாள். தலை வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது, எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் காத்திருக்கும் மாப்பிள்ளை போல. விளக்கு விற்ற பெண் நெகிழ்ந்துபோய் அதன் நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். எண்ணெய்ப் பசையில் அது நன்றாகவே ஒட்டிக்கொண்டது.

அங்கிருந்து நாய் எங்களுடனேயே வந்தது. எங்களுடன் என்றால், எங்களுக்கு நேராக, சாலையின் வலது ஓரத்தில். நெற்றி நிறையத் திருநீறு, நிதானமான நடை. பின்னால் வந்தவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு யோசித்தார்கள். ஒருவர் அதன் செருப்பே போடாத கால்களைப் பார்த்துக்கொண்டு கும்பிட்டார். ஒரு பாட்டி வாழைப்பழம் உரித்து வைத்தார். குபேரலிங்கத்துக்கு எதிரே இருந்த மின்கம்பத்தில் அது காலைத் தூக்கியபோது அப்பா மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீடு வரை வந்துவிட்டது. அப்பா வாசற்படியை மறித்து நின்றார். "வேணாம். மலைய பாத்துச் சொல்லிட்டேன். நாய் உள்ள வரக் கூடாது."

எனக்கு அழுகை முட்டியது. அம்மா பூட்டைத் திறந்துகொண்டே சாவகாசமாகச் சொன்னாள்: "நாய்னுதானே சொன்னீங்க? இவரு யாருன்னு நமக்கு இன்னாங்க தெரியும். அந்தப் பக்கமாவே நடந்து வந்தாரு. பெரியவங்கள வாசல்ல நிக்க வெச்சுப் பேசறது நல்லாவா கீது?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். கடைசியில் தயங்கித் தயங்கி மலையையும் பார்த்தார். பிறகு ஒதுங்கி நின்று, "உள்ள வாங்க" என்றார்.

வந்தவர் நேராகச் சமையலறைக்குப் போய் இட்லித் தட்டைக் கவிழ்த்தார்.

அன்று முதல் எங்கள் வீட்டில் எல்லாமே மரியாதைதான். "அவருக்குப் பால் வெச்சியா?" என்று அப்பா கேட்பார். தன் புதுச் செருப்பை அவர் கடித்துக் குதறிய அன்று எதிரில் உட்கார்ந்து, "ஏங்க, வயசுக்கு இது அழகா?" என்று வருத்தப்பட்டார். வெறிநோய் ஊசி போடும்போது டாக்டர் பெயர் கேட்க, அப்பா திணறிப்போய், "சாமின்னு எழுதிக்கங்க" என்றார். நான் முழுக்க நம்பினேன். கணக்குப் பரீட்சைக்கு முன்னால் அவர் காலில் விழுந்தேன். அவர் என் தலையை முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மினார். மதிப்பெண்ணும் அந்த அளவில்தான் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொல்லைப் பக்கம் போனேன். துவைக்கிற கல்லில் அப்பா உட்கார்ந்திருந்தார். சித்தர் அவர் மடியில் மல்லாந்து கிடந்தார். அப்பா அவர் வயிற்றைச் சொறிந்தபடி, "டேய் திருட்டுப் பயலே, எங்கடா இருந்த இவ்ளோ நாளா?" என்று கொஞ்சிக்கொண்டிருந்தார். அவர் எழுந்து அப்பாவின் காதை நக்கினார். அப்பா சத்தமாகச் சிரித்தார்.

உள்ளே ஓடினேன். "அம்மா, அப்பா சாமிய டேய்ன்றாரு. திருட்டுப் பயலேன்றாரு."

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். கொல்லைக் கதவை லேசாகத் திறந்து எட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். திரும்பியபோது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "போ, போய் வெளையாடு" என்றாள்.

அப்பா செய்த பாவத்துக்குப் பயந்து அழுகிறாள் என்றே நினைத்தேன். வாசலுக்குப் போய், மலையைப் பார்த்து நின்று, அப்பாவுக்காக நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.