திமிங்கிலத்தை விட்டவன்

எங்கள் நான்டுக்கெட் தீவில் எபன் பிங்கம் என்று கேட்டால் சட்டென்று யாருக்கும் தெரியாது. திமிங்கிலத்தை விட்டவன் என்று கேளுங்கள், நண்டுசிண்டுகள் கூட வீட்டைக் காட்டும். கப்பலில் கலகம் செய்தவன் என்றும் கேட்கலாம்தான். ஆனால் அது எங்களுக்குப் பெரிய குற்றமாகப் படவில்லை.

நாங்கள் சாதுவான குவேக்கர் கிறிஸ்தவ ஜனங்கள். மனிதன்மேல் கை ஓங்க மாட்டோம். திமிங்கிலத்துக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. எபன் குறி தப்பாத ஈட்டிக்காரன். கேப்டன் ஸ்வெய்னின் கப்பலில் பசிபிக் கடலுக்குப் போனான். கூடவே அவன் மனைவியின் தம்பி சைலஸ். பையனுக்கு முதல் பயணம். ஸ்வெய்ன் பெரிய பக்திமான். தொழுகைக் கூடத்தில் முன்வரிசையில் கண்மூடி உட்காருவார். பீப்பாய்களில் திமிங்கில எண்ணெய் நிறையும்வரை கரையைத் தொடக்கூடாது என்பதும் அவருடைய பக்தியில் சேர்த்திதான்.

உப்புக்கண்டமும் புழுத்த பிஸ்கட்டும் தின்று தின்று ஆட்களுக்கு ஈறு வீங்கிப் பல் ஆடியது. சைலஸுக்குக் கால்கள் கறுத்து, எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. பச்சைக்கீரையும் பழமும் கிடைத்தால் பிழைப்பான்.

"ரெண்டு நாள் ஓட்டினா ஒரு தீவு வந்துடும் கேப்டன். பையன் செத்துடுவான்."

"கர்த்தரோட சித்தம் அதுன்னா நாம என்ன செய்ய முடியும்? பீப்பா பாதி காலியா கெடக்கு, அதையும் கொஞ்சம் நெனச்சுப் பாரு."

எபன் நினைத்துப் பார்த்தான். அன்று மாலையே மற்ற ஆட்களைச் சேர்த்துக்கொண்டு கேப்டனையும் துணை அதிகாரிகளையும் அறைக்குள் தள்ளிப் பூட்டினான். ஒருவருக்கும் ஒரு கீறல் விழவில்லை. கப்பல் தீவை நோக்கித் திரும்பியது.

மறுநாள் காலை பாய்மரத்தின் உச்சியிலிருந்து ஒருவன் கத்தினான்: "ஊதுது! அதோ திமிங்கிலம் ஊதுது!"

அடுத்து நடந்ததை எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர யாரும் நம்ப மாட்டார்கள். கலகக்காரர்கள் அத்தனை பேரும், தலைவன் எபன் உட்பட, படகுகளை இறக்கித் திமிங்கிலத்தின் பின்னால் போய்விட்டார்கள். பழக்க தோஷம். கப்பலில் மிஞ்சியது சமையல்காரனும் படுத்துக்கிடந்த சைலஸும்தான். "கப்பல யாருடா பாத்துக்கறது, அறிவுகெட்ட பசங்களா!" என்று அறைக்குள்ளிருந்து கேப்டன் அலற, அதுவும் நியாயம்தானே என்று சமையல்காரன் கதவைத் திறந்துவிட்டான்.

கொன்ற திமிங்கிலத்தை இழுத்துக்கொண்டு படகுகள் திரும்பியபோது கேப்டன் துப்பாக்கியோடு நின்றிருந்தார். ஆனால் நாலைந்து பேரை வைத்துக்கொண்டு கப்பலை ஓட்ட முடியுமா? அதனால் அவருக்குக் கருணை பொங்கியது.

"எல்லாத்தையும் மன்னிச்சுட்டேன். மீனக் கட்டுங்க. மூணே நாள். கொழுப்ப வெட்டிக் காய்ச்சிட்டு நேரா தீவுதான்."

எல்லோருக்கும் வாயெல்லாம் பல். இருந்த பல். எபன் மட்டும் உள்ளே போய் மைத்துனனைப் பார்த்துவிட்டு வந்தான்.

"மூணு நாள் தாங்க மாட்டான்."

"தாங்குவான்யா, நீ வேற! இந்த மாதிரி மீனு இன்னொரு தடவ மாட்டுமா?" என்றான் துடுப்புக்காரன் ஒருவன்.

எபன் கோடாலியை எடுத்துத் திமிங்கிலத்தைக் கட்டியிருந்த கயிற்றை வெட்டினான். அது கூன்முதுகுத் திமிங்கிலம். செத்தால் மூழ்குகிற ஜாதி. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியில் போய்விட்டது. கேப்டன் அழுதார். அறையில் போட்டுப் பூட்டியபோதுகூட அவர் அழவில்லை.

வெட்டவும் ஒன்றுமில்லை, காய்ச்சவும் ஒன்றுமில்லை. வேறு வழியில்லாமல் கப்பல் தீவுக்குப் போனது. சைலஸ் பிழைத்தான்.

ஊர் திரும்பிய ஸ்வெய்ன் கலகத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. சொந்த ஈட்டிக்காரன் தன்னைப் பூட்டி வைத்ததை எந்தக் கேப்டன் வெளியில் சொல்வார்? அது மாலுமிகள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவர் திமிங்கிலக் கதையை மட்டும் சொன்னார். அதுவே போதுமானதாக இருந்தது. அதன்பிறகு எபனை எந்தக் கப்பலும் சேர்த்துக்கொள்ளவில்லை. கரையில் சிப்பி தோண்டிப் பிழைக்கிறான். அவன் மனைவி மட்டும் கடைத்தெருவில் தலைநிமிர்ந்து நடக்கிறாள். அதுவும் எங்களுக்குப் பிடிப்பதில்லை.

வருஷங்கள் ஓடி, இந்த வசந்தத்தில் சைலஸே கேப்டனாகப் புறப்பட்டான். நல்ல ஈட்டிக்காரன் அகப்படவில்லை என்று துறைமுகத்தில் புலம்பிக்கொண்டிருந்தான். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"உங்க அத்தான் இருக்காரே, கூட்டிட்டுப் போயேன்."

"அத்தான் மேல எனக்கு ரொம்ப மரியாதைங்க. ஆனா தொழில்னு வந்தா நம்ப முடியாது. திமிங்கிலத்த விட்டவரு."

அவனுக்குப் பின்னால், வழியனுப்ப வந்த எபன் நின்றிருந்தான், சைலஸின் மரப்பெட்டியைத் தோளில் சுமந்தபடி.

"இத எங்க வைக்கட்டும், மாப்ள?" என்று கேட்டான்.