சாய்ந்தது நான் இல்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டாலிகஞ்ச் போகிற வழியில் எங்கள் வண்டி குளத்துக்குள் போன அன்று நான் சாயவில்லை. நேராகத்தான் உட்கார்ந்திருந்தேன். மடியில் இருந்த பலகாரத் தூக்குகூட ஆடவில்லை. இத்தனை வருடம் கழித்தும் இதைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவு கெட்ட பெயர் எனக்கு.

கல்யாணமாகித் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் ஜங்லிகாட்டில் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டில் மெக்கானிக் வேலை பார்த்தார். மர லாரி, ஜீப், மீன்பிடி போட்டின் எஞ்சின் என்று எதைக் கொண்டுவந்தாலும் பிரித்துவிடுவார். திரும்பப் பூட்டும்போது நாலு போல்ட்டு மிஞ்சும். ஆனால் ஓடும்.

அப்போது மெயின்லேண்டுக்கு மாற்றலான ஓர் அதிகாரி தன் வண்டியைக் கப்பலில் ஏற்றிப்போக மனமில்லாமல் இவர் கையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சிவப்பு நிறம். இரண்டே பேர் உட்காரலாம். கூரை கிடையாது. வருடத்தில் எட்டு மாதம் மழை கொட்டுகிற ஊரில் கூரையில்லாத வண்டி! உட்கார்ந்தால் தரையோடு தரையாக இருக்கும். ரோட்டில் போகிற கோழி நம் முகத்துக்கு நேராக வந்து பார்க்கும். இதைத்தான் ரேஸ் வண்டி, ரேஸ் வண்டி என்று கொண்டாடினார். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட அந்த முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

அந்த வழியில் ஒரு வளைவு உண்டு. மேட்டிலிருந்து செங்குத்தாக இறங்கி, சட்டென்று வலது பக்கம் ஒடியும். ஒடிகிற இடத்தில் ரோட்டில் ஒரு மேடுபள்ளம். இடது கையோரம் ஒரு வங்காளி அம்மாளின் குளம், அதில் வாத்துகள். அந்த அம்மாளை ஊரே மௌசி, அதாவது சின்னம்மா, என்றுதான் கூப்பிடும். தமிழன், தெலுங்கன், மலையாளி எல்லோருக்கும் அவள் மௌசிதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து, தெரிந்தவர் வீட்டுக்குப் பலகாரத்தோடு கிளம்பினோம். மேட்டிலிருந்து இறங்கியவர் வேகத்தைக் குறைக்காமல் வலப்பக்கம் ஒடித்தார். வண்டியின் முன்பக்கம் சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பியது. பின்பக்கம் எனக்கென்ன என்று தன் வழியே போனது. ஒரு சுற்று சுற்றி, பின்பக்கமாகவே குளத்தில் இறங்கினோம். ரோட்டைப் பார்த்தபடி, ஸ்டூடியோவில் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி, இடுப்பளவு தண்ணீரில் நாங்கள் இரண்டு பேர்.

கூட்டம் கூடிவிட்டது. பூசை முடிந்து வந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், எல்லோரும். அடிபட்டதா என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை இந்த மனுஷர். எழுந்து நின்று சொன்ன முதல் வார்த்தை:

"இவ சாஞ்சிட்டா! வளைவுல அந்தப் பக்கமா சாஞ்சிட்டா!"

தமிழ் தெரியாதவர்கள் விட்டுப்போய்விடக் கூடாதே என்று இந்தியிலும் ஒரு தடவை சொன்னார்: "யே ஜுக் கயீ!"

அன்றிலிருந்து எனக்கு வேறு பெயரே இல்லை. கோயிலில் பாயில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவள், "மைனி, இந்தப் பக்கம் சாஞ்சிராதீங்க, சுவர் இருக்கு" என்பாள். அபர்டீன் பஜார் போக டவுன் பஸ் ஏறினால் கண்டக்டர், "பாபி, சீதா பைட்டோ" என்று நேராக உட்காரச் சொல்வான். பஸ்ஸே சிரிக்கும். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள், எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. ஊர் சிரித்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அவரும் சேர்ந்து சிரித்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னேன்:

"இங்க பாருங்க. அதே வளைவு, அதே வேகம், அதே சீட்டுல நான். பூசை முடிஞ்சு எல்லாரும் நிக்கும்போது திருப்பிக் காட்டணும். அதுவரைக்கும் இந்த வீட்டுல மீன் கிடையாது."

எங்கள் கடற்கரைக்காரருக்கு இதைவிடப் பெரிய தண்டனை சட்டத்தில் இல்லை. மூன்றாம் நாள் பருப்புக்குழம்பிலேயே ஆள் வழிக்கு வந்துவிட்டார்.

வேலை ஆரம்பமானது. முதலில் மர லாரி ஒன்றிலிருந்து கழற்றிய ஸ்பிரிங் பட்டையை அளவாக வெட்டி, பின்பக்கம் சக்கரத்துக்கு ஒன்றாகக் கூடுதலாக வைத்துக் கட்டினார்.

"எதுக்கு இது?" என்று கேட்டேன்.

"திரும்பும்போது வண்டி ஒரு பக்கமா சாயுதுல்லா, பட்டை கனமா இருந்தா சாயாது."

"அப்ப சாஞ்சது வண்டியா, நானா?"

ஸ்பானரைக் காணோம் என்று தேட ஆரம்பித்துவிட்டார். ஸ்பானர் அவர் கையில்தான் இருந்தது.

ஓட்டிப் பார்க்க வேண்டுமே. வளைவில் உட்கார நான் இப்போதைக்கு வரமாட்டேன் என்றதால் எனக்குப் பதிலாக ஒரு மணல் மூட்டை. என் எடைக்குச் சரியாக இருக்க வேண்டுமாம். அதற்காக என்னை ரேஷன் கடைத் தராசில் ஏற்றி நிறுத்தினார், சீனிக்கு வரிசையில் நின்றவர்கள் முன்னால். மூட்டை போதாமல் மேலே மூன்று படி மணலைக் கூடக் கொட்ட வேண்டியிருந்தது. இதுவும் ஊருக்குத் தெரிந்தது.

நானும் மௌசியும் குளத்தங்கரையில் நின்று பார்த்தோம். வண்டி வந்தது, ஒடித்தது, அந்த மேடுபள்ளத்தில் பின்பக்கம் தவளை மாதிரி துள்ளியது. ஒரு சக்கரம் கரைக்கு வெளியே தொங்க நின்றது. சீட்டில் மணல் மூட்டை வைத்தது வைத்தபடி இருந்தது.

"மூட்டை சாயல்லியே?" என்றேன்.

"சரியாக் கட்டல்ல. உள்ளுக்குள்ள மணல் ஓடிருக்கும்."

மௌசி வெற்றிலையை மென்றுகொண்டே அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

அடுத்தது டயர். பார்த்தால் நாலு சக்கரத்துக்கும் நாலு விதமான டயர். ஒன்று வழுக்கை, ஒன்று வெயிலில் காய்ந்து கருங்கல்லாக இறுகிப்போனது. அபர்டீன் பஜாரில் இராமநாதபுரத்துப் பாய் ஒருவரின் கடையில் சொல்லிவைத்தோம். மெட்ராஸிலிருந்து கப்பல் வந்தால்தான் டயர். அந்தக் கப்பலோ தன் இஷ்டத்துக்கு வந்தது. காத்திருந்த நாளில் நேர் ரோட்டில் மட்டும் என்னை ஏற்றி ஓட்டிப் பார்த்தார். லாரிப் பட்டையின் புண்ணியத்தில் என் கடைவாய்ப்பல் வரை ஆடியது.

"இடது பக்கம், பின்னால, எனக்குக் கீழ என்னமோ தனியாத் துள்ளுது" என்றேன். "உங்க பக்கம் துள்ளல்ல."

"ஒனக்கு வண்டியப் பத்தி என்னட்டி தெரியும்?"

வண்டியைப் பற்றித் தெரியாதுதான். உட்கார்வதைப் பற்றித் தெரியும். அந்தச் சீட்டில் உட்கார்ந்தது நானா அவரா?

டயர் வந்தது. நாலும் ஒரே அச்சு, ஒரே அளவு. பாய் பெருமையோடு, "தங்கச்சி, இனிமே தண்டவாளத்துல போற மாதிரி போகும்" என்றார். மாட்டி, மூட்டையை ஏற்றி, ஓட்டினார். முன்னைக்குத் தேவலை. ஆனாலும் அந்த மேடுபள்ளம் வந்ததும் பின்பக்கம் ஒரு துள்ளு துள்ளிக் குளத்தைப் பார்த்து நகர்ந்தது. இறங்கி வந்தவர் முகம் சுண்டிப்போயிருந்தது.

"வேண்டாம்ட்டி. இதுல ஒன்ன ஏத்தி நான் திருப்ப மாட்டேன். யாருக்காவது கொடுத்துத் தொலைச்சிருவோம்."

வண்டி போய்விட்டால் என் பெயர் அப்படியே நின்றுவிடும். பிள்ளை பிறந்து, அதற்குக் கல்யாணமானாலும், குளத்தில் சாய்ந்தவளின் பிள்ளை என்பார்கள்.

மறுநாள் காலையில் ஷெட்டுக்கு டீ கொண்டுபோனேன். வண்டிக்கடியில் மூன்று பூனைகள். பார்த்தால் எங்கள் வீட்டு அடுப்படிப் பூனைகள்தான். வீட்டில் மீன் நின்றுபோனதும் எங்களைக் கைகழுவிவிட்டு இங்கே குடிவந்திருக்கின்றன. மூன்றும் ஒரே இடத்தில் தலையை வைத்து நக்கிக்கொண்டிருந்தன. இடது பக்கம், பின் சக்கரத்துக்கு உள்ளே. மற்ற மூன்று சக்கரத்தையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குனிந்து விரலால் தொட்டு மோந்து பார்த்தேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த நாற்றத்தை எங்கள் ஊர்க்காரர் யாரானாலும் சொல்லிவிடுவார்கள். மரம் உளுத்துப்போகாமலிருக்க வள்ளத்துக்குப் பூசுகிற சுறா எண்ணெய்.

டீயை அவர் கையில் கொடுக்காமல் கேட்டேன்: "இது எப்படி இங்க வந்தது?"

மென்று முழுங்கிச் சொன்னார். சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும்போது துள்ளாமல் அடக்குவதற்கு ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு ஷாக் அப்சார்பர் உண்டு. அதன் வயிற்றில் எண்ணெய் இருக்க வேண்டும். அதற்கென்று உள்ள எண்ணெய் தீர்ந்துபோய்விட்டது, கப்பலும் வரவில்லை. போட்டுக்காரர் ஒருவரிடம் ஒரு டின் சுறா எண்ணெய் இருந்திருக்கிறது.

"எண்ணெ எண்ணெதானன்னு ஊத்திட்டேன். அது வாஷர ஊற வச்சிட்டு. இடது பக்கம் மட்டும் ஒழுகி ஒழுகிக் காலியாயிருது."

"எப்பத் தெரியும்?"

அவர் பூனையைப் பார்த்தார்.

"எப்பத் தெரியும்னு கேட்டேன்."

"குளத்துலருந்து தூக்குன அன்னைக்கே பாத்தேன். மறுபடி ஊத்துனேன். நிக்கல்ல."

"ஹார்பர்ல கிரேனுக்கு ஊத்துத எண்ணெ இருக்குமே. கேட்டா கொடுப்பாங்கள்லா?"

"கேக்கலாம். ஆனா முதல்ல என்னத்த ஊத்துனன்னு கேப்பானுவ. மெக்கானிக்கு சுறா எண்ணெ ஊத்துனான்னு ஊரே சிரிக்கும்."

டீயைத் தரையில் கொட்டிவிட்டேன். தன்னைப் பார்த்து நாலு பேர் சிரித்துவிடக் கூடாதென்று இரண்டு மாதமாக என்னைப் பார்த்து ஊரைச் சிரிக்கவிட்டிருக்கிறார். கோபத்தைவிட வலிதான் அதிகம். அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன். அன்று பருப்பும் கிடையாது.

மறுநாள் அவரே ஹார்பருக்குப் போனார். திரும்பி வரும்போது காது சிவந்திருந்தது, கையில் கெட்டி எண்ணெய் டின் இருந்தது. பஜாரில் செருப்புத் தைக்கிறவரிடம் தோலில் வாஷர் வெட்டி வாங்கியிருந்தார். நாலு ஷாக் அப்சார்பரையும் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, புது வாஷர் வைத்து, புது எண்ணெய் ஊற்றினார். கனமான பட்டை இருந்தால் குண்டு குழியில் சக்கரம் ரோட்டைவிட்டே எழும்பிவிடுகிறது என்று லாரிப் பட்டையைக் கழற்றித் தூரப் போட்டார். டயர் காற்றைக் காலால் உதைத்துப் பார்க்காமல் முதல்முறையாக மீட்டர் வைத்துப் பார்த்தார். பூனைகள் இரண்டு நாள் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு ஷெட்டுக்குப் போய்விட்டன. அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

ஞாயிறு. பூசை முடிந்தது. வளைவில் சாமியாரைத் தவிர மற்ற எல்லோரும் நின்றார்கள். மேட்டின்மேல் நான் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். இறங்கினோம். ஒடித்தார். என் தோள் கதவில் அழுந்தியது, மேடுபள்ளம் அடியில் ஒருமுறை 'தம்' என்றது, பின்பக்கம் முன்பக்கத்தின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வருகிற பிள்ளை மாதிரி கூடவே வந்தது. வாத்துகள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

எல்லோரும் கைதட்டினார்கள். "சபாஷ் மைனி! இன்னைக்கு நீங்க சாயல்ல!" என்று ஒருத்தி கத்தினாள். "நேரா உக்காரப் படிச்சிட்டாங்கப்பா!" என்றான் இன்னொருவன். பாராட்டு எனக்காம்!

நான் அவரைப் பார்த்தேன். அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தார்.

"திருப்புங்க," என்றேன். "மறுபடி மேல போங்க. இந்தத் தடவ நான் சாயப்போறேன்."

"ஏட்டி, வேண்டாம். விழுந்துருவ."

"வண்டி சரியா இருக்கா, இல்லியா? அதச் சொல்லுங்க."

எந்த மெக்கானிக்காவது இல்லை என்பானா? திருப்பினார்.

இறங்கும்போது இடது கையால் கதவைப் பிடித்துக்கொண்டு எழும்பி, வளைவு வந்ததும் குளத்துப் பக்கமாக இடுப்பு வரை வெளியே சாய்ந்தேன். என் வாழ்நாளில் அப்படி எதன்மேலும் சாய்ந்ததில்லை. சேலை முந்தானை வாத்துகளுக்கு மேலே பறந்தது. நிற்கிறவர்கள் ஐயோ என்றார்கள். வண்டி ஒரு விரல்கூட விலகாமல் திரும்பி, மௌசி முன்னால் போய் நின்றது.

யாரும் கைதட்டவில்லை. மௌசி வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு நிதானமாகக் கேட்டாள்: "தோ உஸ் தின் கல்தி கிஸ்கி தீ?" அப்படியானால் அன்றைக்குத் தப்பு யாருடையது?

அத்தனை கண்ணும் அவர்மேல்.

"மேரி, மௌசி," என்றார். "தேல் கலத் டாலா தா." தப்பு என்னுடையதுதான், எண்ணெயை மாற்றி ஊற்றிவிட்டேன் என்று.

என்னிடம் தனியாகச் சொல்லவே இரண்டு மாதம் ஆன மனுஷருக்கு இந்தியில் எப்படியோ வாயில் வந்துவிட்டது. நான் விடவில்லை.

"அன்னைக்கு ரெண்டு பாஷையிலயும்லா சொன்னீங்க?"

கூரையில்லாத வண்டியால் ஒரு பிரயோசனம் உண்டு, உள்ளேயே எழுந்து நிற்கலாம். எழுந்து நின்றார். "எம் பொண்டாட்டி சாயல்ல," என்றார் சத்தமாக. "நாந்தான் சுறா எண்ணெய ஊத்துனேன்."

சிரிப்பு எழும்பியது பாருங்கள், குளத்து வாத்தெல்லாம் கரையேறிவிட்டது. "சுறா எண்ணெயா!" என்று ஒருவன் தரையில் உட்கார்ந்தே சிரித்தான். அவ்வளவு பேருக்கு நடுவில் எனக்கு மட்டும் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. மௌசி என் முந்தானையை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

திரும்பும்போது அவர் என் பக்கம் தோளைக் கொஞ்சம் இறக்கி, "இப்பச் சாஞ்சுக்கட்டி" என்றார். ஜங்லிகாட் வரும்வரை நான் நிமிர்ந்தேதான் உட்கார்ந்து வந்தேன்.

மத்தியானம் சீலா மீன் குழம்பு வைத்தேன். வாசம் போனதும் மூன்று பூனைகளும் அடுப்படிக்குத் திரும்பி வந்துவிட்டன. முதல் துண்டை அவற்றுக்குத்தான் போட்டேன். அவர் தட்டைப் பிடித்துக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்தார்.