வீங்கிய மேற்பலகை, இரண்டு வெட்டு

ஒரு பொருளைப் பழுது என்று பதிவேட்டில் எழுதுவதற்கு முன், அந்தப் பொருளை அறிந்த ஒருவரின் கருத்தை எழுத்தில் பெற வேண்டும். அரசு அலுவலகச் சாமான்களுக்கான விதி இது. என் பணிக்காலத்தில் இதைப் பலருக்கு எடுத்துக் காட்டியிருக்கிறேன். எனக்கு எடுத்துக் காட்டும் வாய்ப்பை யாருக்கும் தந்ததில்லை.

பொருள் ஒரு கிட்டார். டெல்லியில் எங்கள் அலுவலக மனமகிழ் மன்றத்தில், கேரம் பலகைகளுக்குப் பின்னால் பெட்டியோடு கிடந்தது. ஊர் திரும்பிய வெளிநாட்டு நிபுணர் ஒருவர் விட்டுப்போனதாகச் சொல்வார்கள். வழக்கமான கிட்டார் இல்லை. மேற்பலகை தட்டையாக இராது. வயலினைப் போல நடுவில் மேடாகச் செதுக்கியிருக்கும். வட்டத் துளை கிடையாது. இருபுறமும் வயலினுக்கு உள்ளதுபோல் வளைந்த இரண்டு துளைகள். கம்பிகளைத் தாங்கும் குதிரையை ஒட்டியிருக்க மாட்டார்கள். கம்பிகளின் அழுத்தத்திலேயே அது நிற்கும். ஒலியில் கொஞ்சல் இல்லை. நாலு பேர் கத்திக்கொண்டிருக்கும் அறையிலும் தன் பேச்சைக் கேட்க வைக்கும். எனக்கு அதனால்தான் பிடித்தது. மதிய இடைவேளைகளில் நான் மட்டுமே அதை வாசித்தேன்.

கரோல் பாகில் வயலின் பழுது பார்க்கும் ஒருவரிடம் ஒருமுறை காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டுதான் தொட்டார். "உங்களைவிட வயசுல மூத்தது சார். இதுக்கு வெளிநாட்டுல அடிச்சுக்கிறாங்க" என்றார்.

1994இல் சாமான்களைச் சரிபார்க்க வந்தார் பண்டகப் பொறுப்பாளர். காஞ்சிபுரத்துக்காரர். சபாக் கச்சேரி ஒன்றையும் விடமாட்டார்.

"மேல வீங்கியிருக்கு சார். தண்ணி குடிச்சிருக்கு."

"வீக்கமில்லை. செதுக்கினதே அப்படித்தான்."

"ரெண்டு வெட்டு வேற இருக்கே."

"கச்சேரிக்கு முன்வரிசையில உட்கார்றீங்க. வயலின்ல அந்த ரெண்டு வெட்டையும் பார்த்ததே இல்லையா?"

"வயலினுக்கு அது அழகு சார். கிட்டாருக்கு ரவுண்டா ஒண்ணுதான். சினிமால பார்த்திருக்கேனே!" குதிரையை விரலால் தள்ளினார். நகர்ந்தது. "அச்சா, பிரிட்ஜும் லூஸ்."

மேற்பலகை வீக்கம், இரண்டு வெட்டு, பிரிட்ஜ் லூஸ் என்று ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார். யாருடைய கருத்தையும் கேட்கவில்லை. பழுது பார்க்க வேண்டும், முடியாவிட்டால் கழித்துவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதற்கு மறுநாள் தச்சர் ஒரு டப்பா புட்டியோடு, மர ஓட்டைகளை அடைக்கும் பசையோடு, வந்து நின்றார்.

"பாபுஜி, பஸ் தஸ் மினிட். புட்டி பர் தேங்கே, ஊபர் சே பாலிஷ். பதா பீ நஹீ சலேகா."

பத்து நிமிடத்தில் துளைகளை அடைத்து மெருகு போட்டுவிடுவாராம், தெரியவே தெரியாதாம். குதிரைக்கு ஆணியும் கொண்டுவந்திருந்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. சொன்ன வேலையைச் செய்ய வந்தவர்.

பெட்டியை மூடினேன். எழுத்தில் விளக்கம் கேட்கப்பட்ட பொருளை, பதில் வரும்வரை யாரும் தொடக்கூடாது என்பது இன்னொரு விதி. அந்த இடத்திலேயே நிர்வாகப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஒரே கேள்வி: இரண்டு துளைகளும் சேதமா, அமைப்பா? கடிதம் கிடைத்ததற்கு ஒப்புகை வாங்கினேன். பொருள் என் பொறுப்பில் இருப்பதாக வழங்கல் பதிவேட்டில் கையெழுத்திட்டு, கிட்டாரோடு சரோஜினி நகர் குவார்ட்டர்ஸுக்குப் பஸ் ஏறினேன்.

வாசலிலேயே மனைவி மறித்தாள். "ஆபீஸ் சாமானத் தூக்கிட்டு வந்திருக்கியளே, கேக்க மாட்டாவளா?"

"நான் கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன். அவங்க பதில் சொல்லட்டும்."

"நல்லாருக்கு! நான் கேக்கதுக்கே நீங்க பதில் சொல்ல மாட்டிய."

கரோல் பாக்காரரிடம் எழுத்தில் கருத்து வாங்கினேன். "கருவி நலம். பார்த்தவர் கண்ணுக்குத்தான் வைத்தியம் தேவை" என்று எழுதினார். இரண்டாவது வாக்கியத்தை அடிக்கச் சொன்னேன். ஒரே கோடாக, நன்றாகப் படிக்கும்படி அடித்துக் கொடுத்தார். இணைத்து அனுப்பினேன்.

ஒன்றரை ஆண்டு கழித்து ஒரு கடிதம் வந்தது, பொறியியல் பிரிவிலிருந்து. 'பிரிட்ஜ்' என்ற சொல்லைப் பார்த்து யாரோ கோப்பை அங்கே தள்ளியிருந்தார்கள். பாலம் எங்குள்ளது, நீளம் என்ன, எந்த ஆற்றைக் கடக்கிறது என்று கேட்டிருந்தார்கள். இடம்: என் மடி. நீளம்: ஆறு அங்குலம். ஆறு: இல்லை. இப்படி எழுதி, மூல வினாவுக்கு விடை இன்னும் வரவில்லை என்று நினைவூட்டினேன்.

நான் ஓய்வு பெற்ற நாளில் பண்டகப் பொறுப்பாளர் என் மேசைக்கு வந்தார். "கொடுத்துடுங்க சார், ஜல்தி முடிச்சுடலாம். இல்லேன்னா மெமோ வரும்."

"வரட்டும். எண்ணும் தேதியும் போட்டு வரட்டும்."

குவார்ட்டர்ஸைக் காலி செய்து டெல்லி ஓரத்துத் துவாரகாவுக்குக் குடிபோனபோது சாமான்களெல்லாம் லாரியில் போயின. கிட்டார் என் மடியில் வந்தது. மாலைதோறும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வாசித்தேன். வீரம் என்று நினைத்துவிட வேண்டாம். தபால்காரர் வரும் நேரத்தில் கம்பிகளை உள்ளங்கையால் பொத்திக்கொள்வேன். 'சேதமே' என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், நான் மதித்த விதியே அதைப் புட்டி டப்பாவிடம் ஒப்படைத்துவிடும்.

கடைசியில் அலுவலக உறை ஒன்று வந்தது. மனைவிக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தேன்: மேற்படி பொருளின் இரண்டு வெட்டுகளும் முழுமையாக அடைக்கப்பட்டு, பாலம் உறுதியாகப் பொருத்தப்பட்டதாகத் தச்சர் சான்றளித்துள்ளார். எனவே கோப்பு முடிக்கப்படுகிறது. மன்ற அறையில் தற்போது கணினிகள் இருப்பதால், மறு உத்தரவு வரும்வரை பொருள் தங்கள் பொறுப்பில் இருக்கும்.

மனைவி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு துளைக்குள் எட்டிப் பார்த்தாள். "அடச்சாச்சுன்னுல்லா போட்டுருக்காவ? உள்ள இருட்டுல்லா தெரியுது!"

நான் கேட்ட கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை. ஆனால் 'மறு உத்தரவு வரும்வரை' என்பதன் பொருள் எனக்குத் தெரியும். அந்தச் சொற்களை நானே எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன். ஒருவருக்கும் மறு உத்தரவு போனதில்லை. கிட்டாரை எடுத்து, முழுமையாக அடைக்கப்பட்ட இரண்டு துளைகளின் வழியாக, கீழ்வீட்டுக்காரர் கதவைச் சாத்தும்வரை வாசித்தேன். பிறகு பழைய வழக்கப்படி, கடிதத்தின் ஓரத்தில் பெறப்பட்ட நாளைக் குறித்துக் கையெழுத்திட்டேன்: 11-2-2003.