ஒரு தலைக்கு இரண்டு நேர்த்தி

என் மகன் ஏழாம் மாதத்திலேயே பிறந்தவன். பதுளை ஆஸ்பத்திரியில் அவனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்த நாட்களில், வெளியே ஒரே பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் என் அப்பா. ஸ்பிரிங்வெளித் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் குடும்பம் வேதக்காரக் குடும்பம், அதாவது கிறிஸ்தவர்கள். இன்னொருவர் என் மாமியார். லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். கதிர்காமத்து முருகனை "எங்க ஐயா" என்றுதான் சொல்வார், ஏதோ சொந்தத் தகப்பனைச் சொல்வதுபோல. இந்த இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒருவருக்கொருவர் மூச்சு விடாமல், ஒரே நேர்த்தியை வைத்துவிட்டார்கள். பிள்ளை பிழைத்தால் அவன் பிறந்த முடியைக் காணிக்கையாகத் தருகிறோம் என்று. மாமியார் முருகனிடம் சொன்னார். அப்பா மாதாவிடம் சொன்னார், மாதா கோயிலில் மொட்டை போடுவது எங்களுக்கும் வழக்கம்தான். பிள்ளை பிழைத்துக்கொண்டான். ஆனால் தலை ஒன்றுதானே!

விஷயம் வெளியே வந்ததும் ஆரம்பித்தது சண்டை. பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை சம்பந்திகள் இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசவில்லை. "முதல்ல ஒரு கோயில்ல எடுப்போம், திரும்ப வளர்ந்ததும் அடுத்த கோயில்ல எடுப்போம்" என்று நான் சொல்லிப் பார்த்தேன். "பொறந்த முடி ஒன்னுதான் புள்ள. பெறகு வளர்றதெல்லாம் சும்மா முடி" என்றார் மாமியார். அப்பாவிடம் போனால் அவரும் அதையேதான் சொன்னார், குரல் மட்டும் கொஞ்சம் தாழ்வாக. என் கணவர் நல்ல மனிதர், ஆனால் வீட்டில் சண்டை என்றால் அவருக்கு வயிறு சரியில்லாமல் போய்விடும். ஆகவே நானே முடிவெடுத்தேன்.

நான் சரித்திரம் படிப்பிக்கும் டீச்சர். வருஷா வருஷம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஊவா மாகாணம் முழுக்கச் சுற்றியவள். எந்தக் கோயிலில் எப்போது கூட்டம், எந்த அருவிக்கு எத்தனை படி, எந்தக் கடையில் நம்பிச் சாப்பிடலாம் என்பதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஸ்கூல் லீவில் கதிர்காமத்துக்கு ஒரு வேன் பிடித்து எல்லாரையும் ஏற்றுவோம், வழியில் இருக்கிற இடமெல்லாம் காட்டுவோம், நாலு நல்ல காட்சியைப் பார்த்தால் மனசு இளகிவிடும் என்று கணக்குப் போட்டேன். நான் போடும் திட்டம் தப்பாது என்கிற திமிர் எனக்கு அப்போதும் உண்டு, இப்போதும் உண்டு.

ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. பதுளையிலிருந்து கதிர்காமத்துக்கு வெல்லவாயவைத் தாண்டித்தான் போக வேண்டும். வெல்லவாயவுக்கு இரண்டு வழி. எல்ல வழியாக நேரே இறங்கிவிடலாம். இல்லாவிட்டால் பண்டாரவளை, அப்புத்தளை, பெரகல என்று சுற்றி இறங்க வேண்டும். அப்பா நேர்ந்துகொண்ட சின்ன மாதா கோயில் பெரகல சந்திக்குச் சற்று மேலே இருக்கிறது. அதாவது, வேன் பெரகல பக்கம் போனால் முடி மாதாவுக்கு, எல்ல பக்கம் போனால் முருகனுக்கு. இது எனக்கு உறைப்பதற்கு முன்பே அவர்கள் இருவருக்கும் உறைத்திருந்தது.

முத்தியங்கனை விகாரையில் பூ வைத்துவிட்டுக் காலையிலேயே கிளம்பினோம். ஹாலிஎல தாண்டவில்லை, மாமியாருக்குத் திடீரென்று சரித்திரத்தில் ஆசை வந்துவிட்டது.

"ஏம் புள்ள, எல்லயில ஒம்போது வளைவு வச்ச பாலம் இருக்காமே. வெள்ளக்காரங்கள்லாம் பாத்துட்டுப் போறாங்க. நா இன்னும் பாக்கலயே."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பியபடியே என்னிடம் சொன்னார். "பாலத்துல என்ன இருக்கு? கல்லு. தியலும அருவியப் பாருங்க, அதுதான் காட்சி. பெரகல வழியா எறங்குனா ரோட்டோரத்துலயே நின்னு பாக்கலாம்."

"ராவணன் குளிச்ச அருவியே எல்லயில இருக்குங்கிறேன்!"

"ராவணன் ஊரெல்லாம் குளிச்சிருக்கான் போல."

அடேயப்பா, சுற்றுலாத் துறைக்காரர்கள் கூட இப்படிப் போட்டி போட்டு இடம் காட்ட மாட்டார்கள். என் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின் சீட்டுக்குப் போய்விட்டார். வழி பிரிகிற கும்பல்வெல சந்தி வந்ததும் வேன்காரர் ஓரமாக நிறுத்திவிட்டு, "டீச்சர், எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"பண்டாரவளைப் பக்கம்" என்றேன், இரண்டு கோயிலும் வருவது அந்த வழியில்தானே. மாமியார் பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு அவன் தலையில் தன் சேலை முந்தானையைப் போட்டு மூடினார்.

தோவை விகாரையில் இறங்கினோம். பாறையில் பாதி செதுக்கி விட்டுப்போன பெரிய புத்தர் அங்கே நிற்கிறார். எந்த ராஜா காலத்தில் செதுக்கியதாகச் சொல்கிறார்கள் என்று நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். ஒருவரும் காது கொடுக்கவில்லை. சரி, இதுதான் நேரம் என்று என் யோசனையை எடுத்து விட்டேன். "மாதா கோயில்ல ஒரு கொத்து மட்டும் நறுக்குவோம், மிச்சத்தக் கதிர்காமத்துல எடுப்போம். ரெண்டு பேருக்கும் பொறந்த முடிதானே?"

"காணிக்கையில பாதி குடுக்குற பழக்கம் நம்ம வீட்ல இல்ல" என்றார் அப்பா.

"மிச்சமா? மிச்சத்தயா எங்க ஐயாவுக்குக் குடுக்கச் சொல்ற?" என்றார் மாமியார்.

ஒரு வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள், அதுவும் எனக்கு எதிராக. பாதி செதுக்கிய புத்தருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேனில் ஏறினேன்.

அப்புத்தளையில் மூடுபனி இறங்கியிருந்தது. ரோடு தெரியாமல் வேன் ஊர்ந்து போய் மாதா கோயில் வாசலில் நின்றது. அப்பா முன்கூட்டியே சொல்லி வைத்திருந்த சவரக்காரர் அங்கே பையோடு நின்றிருந்தார். அப்பா இறங்கி, வேன் கதவைத் திறந்து, பிள்ளைக்குக் கை நீட்டினார். மாமியார் அசையவில்லை.

"குடுங்க."

"குடுக்க மாட்டேன். இவன எங்க ஐயாதான் குடுத்தாரு."

அப்பா பிள்ளையின் கையைப் பிடித்தார். மாமியார் விடவில்லை. பிள்ளை வீறிட்டு அழுதான். அந்த அழுகையைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம், வாசலென்றும் பார்க்காமல் கத்தினேன்.

"நிறுத்துங்க ரெண்டு பேரும்! நீங்க பெஞ்சில ஒக்காந்து நேர்ந்தீங்க. நா ஒன்னும் நேரல. எனக்கு அதுக்கு நேரமில்ல. மூணு மணிக்கொரு தரம் பாலப் பீச்சி, சின்னக் கோப்பையில எடுத்துக்கிட்டு அந்தப் படி ஏறுனேன். ஒவ்வொரு தரமும், உள்ள போறப்ப எம்புள்ள உசிரோட இருப்பானா இருக்க மாட்டானான்னு நெனச்சுக்கிட்டே ஏறுனேன். தூக்க விடல. ஓட்டைக்குள்ள கைய விட்டு ஒரு வெரலால தொட்டேன். இப்பத்தான் மடி நெறைய வச்சிருக்கேன், அதுக்குள்ள ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறீங்களே!"

சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளையைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டேன். யாரும் என்னைச் சமாதானப்படுத்தவில்லை, நல்லவேளை. அப்பா சவரக்காரரைத் தோளில் தட்டிக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் பின்பக்கம் போனார். கோபித்துக்கொண்டு போகிறார், பஸ் ஏறி வீட்டுக்கே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

அரை மணி நேரம் இருக்கும். திரும்பி வந்தவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. எழுபது வயதிலும் என் அப்பாவுக்குக் கருகருவென்று அடர்ந்த முடி. தினமும் தேங்காயெண்ணெய் வைத்துப் படிய வாருவார். பெரட்டில், அதாவது தோட்டத்தில் காலையில் ஆள்கணக்கு எடுக்கும் இடத்தில், நின்ற காலத்திலேயே துரைமார் பார்த்துப் பொறாமைப்பட்ட முடி என்று அவரே சொல்லிக்கொள்வார். அந்த முடி போய், தலை மழமழவென்று பனியில் நனைந்துகொண்டிருந்தது. காதுக்கு மேலே ஓர் இடத்தில் வெட்டுப் பட்டு ரத்தப்பொட்டு.

"மாதாகிட்ட பேசிட்டேன்" என்றார். "கேட்டது நானு. எம் முடியவே எடுத்துக்கங்கன்னு சொல்லிட்டேன்."

மாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏத்துக்கிட்டாங்களா?"

"ஒன்னும் சொல்லல. சொல்லலன்னா சரின்னு அர்த்தம். எங்க வீட்டுக்காரி இருந்த காலத்துலயும் அப்புடித்தான்."

வேன்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு பின் சீட்டில் என் கணவர். மாமியார் சிரிக்கவில்லை. வேன் பெரகல சந்தி தாண்டி, வளைந்து வளைந்து இறங்கியது. தியலும அருவி முன்னால் எல்லாரும் இறங்கி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம், சாரல் முகத்தில் அடித்தது. மாமியார் தன் பையிலிருந்து ஒரு துவாயை எடுத்து என் கணவர் கையில் கொடுத்தார்.

"அவரு தலையில கட்டிக்கச் சொல்லு. சளி புடிச்சுக்கும்."

அப்பா கட்டிக்கொண்டார். வெல்லவாயவில் வெயில் கொளுத்தியது. புதுருவகலையில் பாறை நிறைய ஏழு உருவங்கள், நடுவில் வானத்தை முட்டிக்கொண்டு புத்தர். இந்தத் தடவை நான் விளக்கம் சொன்னபோது அப்பாவும் மாமியாரும் இரண்டு பக்கமும் நின்று கேட்டார்கள். எனக்கே ஆச்சரியமாகப் போய், தெரியாததையும் சேர்த்துச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

கதிர்காமத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பின்னேரம். மாணிக்க கங்கையில் எல்லாரும் குளித்தோம். கரையில் மொட்டை போடுகிறவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "யாரு மடியில வச்சு எடுக்கிறது? தாய்மாமன் வந்திருக்காரா?" என்று கேட்டார். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. அதைப் பற்றி நான் திட்டமே போடவில்லை, மறந்தே போனேன். என் கணவர் முன்னால் வந்தார். மாமியார் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"நீ தள்ளுப்பா. அம்மா வீட்டுப் பக்கத்து மடிதான் வேணும்." பிறகு அப்பாவைப் பார்த்து, ஒரு வருஷத்துக்குப் பிறகு முறை சொல்லி, "சம்பந்தி, வாங்க. வந்து ஒக்காருங்க" என்றார்.

அப்பா நின்ற இடத்திலேயே நின்றார். "நா வேதக்காரனாச்சே."

"மொட்டத் தலையில என்ன எழுதியா ஒட்டியிருக்கு? ஒக்காருங்கங்கிறேன்!"

அப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பிள்ளையை மாமியாரே தூக்கி அவர் மடியில் வைத்தார். முதல் கொத்து முடி அப்பாவின் கைமேல் விழுந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை. ஆஸ்பத்திரிப் பெஞ்சில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷன், அங்கே அத்தனை சனத்துக்கு நடுவில் குலுங்கிக் குலுங்கி அழுதார். பார்த்துக்கொண்டிருந்த நானும் அழுதேன். மாமியார் அழவில்லை. அவர் குனிந்து நின்று, இரண்டு கையாலும் பிள்ளையின் தலையைத் தாங்கிக்கொண்டு, மொட்டை போடுகிறவரை அதட்டிக்கொண்டிருந்தார்.

"மெதுவா, மெதுவா. காதுகிட்ட பாத்து எடுய்யா. அது ஏழு மாசத்துல பொறந்த புள்ள."