ரெய்னோ லஹ்தியின் முழுச்சட்டை

துப்பாக்கி வெடித்ததும் அப்பா முதலில் பார்ப்பது மானை அல்ல, துப்பாக்கியின் மேலிருக்கும் தொலைநோக்கியை. விரலால் அதை இரண்டு தட்டுத் தட்டுவார். பிறகு காற்றை முகர்ந்து பார்ப்பார். மான் ஓடிய திசைக்கு அதன்பிறகுதான் தலை திரும்பும். சிறுமியாக அவரோடு வேட்டைக்குப் போன நாளிலிருந்து, நான் தத்துவத்தில் பட்டம் வாங்கித் திரும்பிய வருடம்வரை, இது மாறவில்லை. தவறு எப்போதும் கண்ணாடியுடையது, காற்றுடையது, தோட்டா செய்தவனுடையது. என் அப்பா ரெய்னோ லஹ்தியுடையது மட்டும் அல்ல.

குளிர்காலத்தில் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுவார். எத்தனையோ வீட்டுத் தபால் பெட்டிகள் அந்த வண்டியில் தாமாகவே வந்து மோதியிருக்கின்றன.

நவம்பரில் மான் பருவம் தொடங்கினால் காட்டிலிருக்கும் மரக்குடிலுக்குப் போய்விடுவோம். அங்கே ஒரு சட்டம். சுட்டு மானைத் தவறவிட்டவன் போட்டிருக்கும் சட்டையின் பின்துண்டை வெட்டி, பெயர் எழுதி, சுவரில் ஆணியடிப்பார்கள். வடக்கு மிச்சிகனில் பாதி ஆண்களுக்குச் சட்டை இடுப்போடு முடிந்துவிடும். சுவரில் அப்பாவின் துண்டு மட்டும் கிடையாது. கத்தரிக்கோல் அவரிடம்தான் இருக்கும் என்பதை யாரும் யோசித்ததில்லை.

பட்டம் வாங்கிய அந்த வருடம் நானும் அப்பாவும் மரத்தில் கட்டிய ஒரே வேட்டைப் பரணில் உட்கார்ந்திருந்தோம். எதிர்ப் பரணில் அவருடைய சிநேகிதர் ஆர்வோ. அப்பா பைனாகுலரில் பார்த்துச் சிரித்தார்.

“வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்குறான் பாரு. மான் வந்து மூக்கை நக்குனாலும் எந்திரிக்க மாட்டான்.”

சற்று நேரத்தில் கிளைக்கொம்புள்ள ஆண்மான் ஒன்று வந்து, படம் எடுக்கச் சொன்னதுபோல் பக்கவாட்டில் நின்றது. அப்பா சுட்டார். மான் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் போனது.

“அப்பா, தப்பிடுச்சு.”

“சும்மா இரு கைசா. கண்ணாடியில பனி.”

மாலையில் குடிலில் விசாரணை. காலையில் கேட்ட வெடி யாருடையது?

அப்பா காப்பிக் கேத்தலைப் பார்த்துக்கொண்டே, “ஆர்வோ பக்கம் கேட்ட மாதிரி இருந்துச்சு” என்றார்.

எல்லோரும் ஆர்வோவைப் பார்த்தார்கள். மானைத் தவறவிட்டவனை எங்கள் ஊர் ஒரு வருடம் கிண்டல் செய்யும். பரணில் தூங்கியவனைச் சாகும்வரை விடாது. இல்லை என்று மறுத்தால், வெடி எந்தப் பக்கம் கேட்டது என்று ஆர்வோ சொல்லியாக வேண்டும்.

“ஆமாப்பா, நான்தான். மயிரிழையில போச்சு.”

“எவ்ளோ பெரிசுடா?”

“இந்த அடுப்பு இருக்கும். கொம்பு தனி!”

ஆர்வோவின் சிரித்த முகம், கத்தரிக்கோலைக் கண்டதும் மாறியது. அவர் போட்டிருந்தது சிவப்புக் கம்பளிச் சட்டை. போன வசந்தத்தில் இறந்துபோன மனைவி ஹில்மா கடைசியாகத் தைத்தது.

“டேய் ரெய்னோ, இது ஹில்மா தச்சதுடா. வேற சட்டை தர்றேன், அதை வெட்டு.”

“சட்டம்னா சட்டம்டா.”

“அப்பா!” என்றேன்.

“விளக்கைக் கொஞ்சம் தூக்கிப் பிடிம்மா” என்றார்.

தூக்கிப் பிடித்தேன். அப்பா தையல் பிரியாமல் நேர்க்கோட்டில் வெட்டினார். நல்ல வேலைக்காரர்.

வீடு திரும்பும்போது வண்டியில் கேட்டேன். “அவர் தூங்குனதை நாம ரெண்டு பேரும் பாத்தோமே?”

“பாத்தோம்.”

“அப்புறம்?”

வண்டியின் முன்கண்ணாடியை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். “அடுத்த பருவத்துல எல்லார் முன்னாலயும் சொல்லிடுறேன். என் சட்டையை அவனே வெட்டட்டும். போதுமா, பேராசிரியரம்மா?”

அடுத்த பருவத்துக்கு இரண்டு மாதம் முன்பு, கொட்டகையில் விறகு அடுக்கும்போது, மாரடைப்பு வந்து அப்பா போய்விட்டார்.

சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் ஆர்வோவும் ஒருவர். கல்லறையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, “ஒரு தடவைகூடக் குறி தப்பாத மனுஷன்மா உங்கப்பா” என்று அழுதார்.

உண்மையைச் சொல்லி அப்பாவின் கடனை நானே தீர்த்துவிடலாம். ஆனால் சொன்னால், ஆர்வோ தூங்கியது எனக்குத் தெரியும் என்றாகிவிடும். அந்தச் சிவப்புத் துண்டைக் கொடுத்து அவர் காப்பாற்றிக்கொண்ட மானம், இதோடு போய்விடும். நான் படித்த எந்த வகுப்பிலும் இதற்கு விடை இல்லை.

அப்பாவை அவருடைய நல்ல சட்டையில், பின்துண்டு முழுசாக, அடக்கம் செய்தோம்.