நாற்பத்திரண்டாம் நம்பர் கால்

கடைவீதி முழுக்க அவளை ஷூக்காரம்மா என்றுதான் கூப்பிடும். கடல் தாண்டியுள்ள தொழிற்சாலைகளிலிருந்து விளையாட்டு ஷூக்களைக் கன்டெய்னர் கணக்கில் இறக்கிக் கடைகளுக்கு மொத்த விலையில் கொடுப்பவள். வாய் இருக்கிறதே, அடேயப்பா! தொழிற்சாலையின் ஏஜென்ட் எவ்வளவு தேனொழுகப் பேசினாலும், "கதையெல்லாம் அப்புறம் தம்பி, மொதல்ல சாம்பிளை அனுப்பு" என்று வெட்டிவிடுவாள்.

பசை, தையல், ரப்பர் எல்லாம் சோதித்ததாக முத்திரை குத்திச் சான்றிதழும் வரும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? அவள் நம்பியது அண்ணன் காலைத்தான். அந்தத் தொழிற்சாலைகள் ஆண்கள் சாம்பிளை நாற்பத்திரண்டாம் நம்பரில் செய்யும். அண்ணனுக்கு அச்சாக அதே அளவு. தபால்காரராக ஊரை அளந்த கால், ஓய்வு பெற்றால் மட்டும் சும்மா இருக்குமா? சாம்பிளை மாட்டிக்கொண்டு சில வாரம் நடப்பார். "குதிகாலைப் பிடிக்குது பாப்பா, வேணாம்" என்றால் ஆர்டர் கிடையாது. "பூ மாதிரி இருக்கு" என்றால் அன்றைக்கே ஆர்டர். பெண்டாட்டி போய்ச் சேர்ந்தபின் வாடகை அறையில் ஒண்டியாகக் கிடந்த மனிதருக்கு இந்த வேலை ஒன்றுதான் தெம்பு. "நான் தலையாட்டாம என் தங்கச்சி ஒரு பெட்டிகூட இறக்க மாட்டா" என்று டீக்கடையில் பீற்றிக்கொள்வார்.

இந்தமுறை வந்த கறுப்பு ஷூ சாம்பிளுக்கும் அண்ணன் சொன்னது பூ மாதிரிதான். சரக்கு வந்து கடைகளுக்கும் போனது. அப்புறம் பிடித்தது சனி.

"அக்கா, குதிகால்ல பிளேடு வெச்சுத் தெச்சிருக்கானா? வாங்குனவங்க எல்லாம் திருப்பிக் கொண்டாந்து மூஞ்சில எறியறாங்க!"

ஒரு கடைக்காரர் சொன்னால் நொட்டை என்று விடலாம். எல்லாரும் அதையே சொன்னார்கள். அவளே ஒரு ஷூவுக்குள் கையை விட்டுப் பார்த்தாள். பின்பக்கம் பிளாஸ்டிக் விளிம்பு துருத்திக்கொண்டு நின்றது. சாம்பிளைக் காட்டிவிட்டுச் சரக்கை மாற்றிவிட்டான் என்று கொதித்துப்போய், ஏஜென்ட்டை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள்.

"மேடம், சாம்பிளும் இதே அச்சுதான். உங்ககிட்ட இருக்கிறதை எடுத்துப் பாருங்க" என்றான் அவன்.

"பார்க்கிறேன்டா, இன்னைக்கு உன் சாயம் வெளுக்குது" என்று முணுமுணுத்தபடி அண்ணன் அறைக்குப் போனாள். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காலில் அதே கறுப்பு ஷூ.

"கழட்டுண்ணே."

"எதுக்கு? நல்லாத்தானே இருக்கு."

அவளே குனிந்து வலது கால் நாடாவை அவிழ்த்தாள். ஷூ வந்தது, சாக்ஸ் வரவில்லை. குதிகாலோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. தண்ணீர் விட்டு ஊறவைத்து மெல்ல உரித்தாள். நாற்றம் குப்பென்று அடித்தது. விரல் நுனி நுழையும் அளவுக்குப் புண். அண்ணனோ அடுத்தவீட்டுக்காரன் காலைப் பார்ப்பதுபோல எட்டிப் பார்த்தார்.

"அட, இது எப்ப?"

அவர் கால் கட்டைவிரலை அழுத்திக் கிள்ளினாள். "தெரியுதா?"

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கால் மரத்துப்போயி ஒரு வருஷமாச்சு பாப்பா. சர்க்கரைன்னு டாக்டர் அப்பவே சொன்னாரு."

"பாவி மனுஷா, எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வேற காலைத் தேடிப்பே."

ஒரு வருடமாக ஒரு சாம்பிளைக்கூட அவர் வேண்டாமென்று சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கால் எப்படியிருக்கு என்று ஒருநாளாவது கேட்டிருப்பாளா? ஷூ எப்படியிருக்கு என்றுதான் கேட்டாள். வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டியில் இடது கால் ஷூவையும் கழற்றிவிட்டு, அவருடைய இரண்டு கால்களையும் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். புண்ணைத் துண்டால் சுற்றியிருந்தாள். கடைக்காரர்கள் விடாமல் போன் அடித்தார்கள், எடுக்கவில்லை. அண்ணன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"அடுத்த சாம்பிள் எப்ப பாப்பா வருது? இந்தக் கால் போனா போவுது. இடது கால்ல இன்னும் நல்லாத் தெரியுது, சத்தியமா."

அவர் அதைச் சொல்லும்போது அவள் அந்த இடது காலைத்தான் நகம் பதியக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.